வெள்ளி வாசலில் முருங்கா

பத்து வயதில் நான் ஒரு படைக்குத் தலைவியாக இருந்தேன். அதன்பிறகு பல ஊர்களில் பல வேலைகள் பார்த்திருக்கிறேன். எதிலும் அவ்வளவு பெரிய பதவி கிடைத்ததில்லை. ஆகவே இதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் படையில் எல்லோரும் பச்சை நிறம். கீழ்த்தாடையிலிருந்து இரண்டு பற்கள் பன்றிக்கு இருப்பதுபோல மேல்நோக்கி வளர்ந்திருக்கும். அவர்களுக்கு ஓர்க் என்று பெயர். கட்டுகஸ்தோட்டை வீதியில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த நெட் கடையின் கம்பியூட்டர்களுக்குள் அவர்கள் வாழ்ந்தார்கள்.

நான் அந்தக் கடைக்குப் போனது விளையாடுவதற்கல்ல, அண்ணனுக்குத் துணையாக. வடக்கில் சண்டை நடந்த காலம் அது. கண்டியில் சண்டை இல்லை, சோதனை இருந்தது. மஹய்யாவையில் எங்கள் வீட்டிலிருந்து டவுனுக்குப் போக ஒரு மணல்மூட்டைக் காவலைத் தாண்ட வேண்டும். அப்பா மாநகரசபையில் குப்பை லொறியில் போகிறவர். சீருடையோடு போவதால் அவரை அநேகமாக விட்டுவிடுவார்கள். அண்ணனுக்குப் பதினேழு வயது, ஒல்லி உடம்பு, சும்மா இருக்காத வாய். ஒருநாள் எங்கே போகிறாய் என்று கேட்ட பொலிஸ்காரரிடம், "வீட்டுக்குத்தான், தேத்தண்ணி குடிக்க வர்றீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டான். அன்று பொழுது சாயும்வரை ஸ்டேசனில் வைத்திருந்தார்கள். அப்பா கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு போய் அழைத்து வந்தார். அண்ணனுடைய கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். இனி இவன் தனியாக வெளியே போகக்கூடாது.

சின்னப் பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போகிற பையனை அதிகம் நிறுத்தமாட்டார்கள் என்பது எங்கள் வரிசை வீடுகளில் எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்திருந்தது. வயதுப் பையன் இருந்து சின்னப் பிள்ளை இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள், அம்மிக்கல் வாங்குவதுபோல. நானும் அப்படிப் பலரோடு போயிருக்கிறேன். பையன்கள் தலைமயிர் வெட்டுகிற சலூனில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பார்த்தால் எனக்கே அந்தத் தொழில் வந்திருக்க வேண்டும்.

போகுமுன் அம்மா ஒவ்வொரு தரமும் பாடம் சொல்லுவார். அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லுவார், அவன் கேட்கமாட்டான் என்பதால்.

"அவங்க கேக்குறதுக்கு முந்தியே ஐசி அட்டைய கையில எடுத்து வச்சிக்கிடணும். பைக்குள்ள கைய விடக்கூடாது. கண்ணப் பாக்காத, தாடையப் பாரு. சிரிக்காத, மொறைக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒங்க அண்ணன் காது செவந்துச்சின்னா கையக் கிள்ளு."

அண்ணனுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். அதைக் கவனிப்பதுதான் என் வேலை.

நெட் கடைக்காரர் அலவத்துகொடையிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம்காரர், எங்கள் எல்லோருக்கும் நானா. கடையில் சிங்களப் பையன்களும் வருவார்கள், முஸ்லிம் பையன்களும் வருவார்கள், எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பையன்களும் வருவார்கள். நானா கடையில் ரேடியோ வைப்பதில்லை. யாராவது செய்தி பேசத் தொடங்கினால் அவர் மேசையைத் தட்டுவார். "வெளிய உள்ளத வெளிய வச்சிட்டு வாங்க. இங்க எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கதிரைதான் ஈக்கிது." உட்காருகிற கதிரைகள் எல்லாம் ஒரே மாதிரி உடைந்திருந்தது உண்மை.

அங்கே எல்லோரும் விளையாடியது ஒரே விளையாட்டு. அதில் ஓர்க் இனம் சேற்று நிலத்தில் வாழும். எல்ஃப் இனம் வெள்ளி நகரத்தில் வாழும். அவர்கள் உயரம், வெள்ளை, கூர்மையான காது. வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் அதற்குள் வந்து விளையாடினார்கள். எழுதுவதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் சிங்களம். நடிப்புத்தான் அதன் முக்கியமான சட்டம். எல்ஃப் ஆக வந்தால் ஓர்க்கை வெறுக்க வேண்டும், மூக்கைப் பொத்த வேண்டும், ஓர்க் தொட்ட பாத்திரத்தைக் கவிழ்க்க வேண்டும். நடிக்காமல் சாதாரணமாகப் பேசினால் வெளியே தள்ளிவிடுவார்கள்.

எல்ஃப்களின் அரசர் எங்கள் கடையில்தான், ஜன்னலோரக் கம்பியூட்டரில் இருந்தார். டவுனில் பெரிய ஸ்கூல் ஒன்றில் உயர்தர வகுப்பு படிக்கிற சிங்களப் பையன். வெள்ளைக் கால்சட்டை, கழுத்துப்பட்டி, கண்ணாடி. அவரைப்போல நல்ல மனிதரை நான் அந்த வயதில் அதிகம் பார்த்ததில்லை. கீழே பேக்கரியில் வாங்கிய, மீன் வைத்த மாலு பாணைப் பிய்த்துப் பாதியை எனக்குத் தருவார். தந்துவிட்டுத் திரும்பி, அண்ணனின் ஓர்க்கைப் பார்த்து, பன்றிப்பல்லே, உன் மூச்சு பட்டு என் குதிரை செத்துப்போகும், தள்ளி நில் என்று எழுதுவார். அண்ணனும் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். ஒரு கையால் மாலு பாண் தின்றுகொண்டு மறுகையால் ஒருவரையொருவர் திட்டுவார்கள்.

வெள்ளி நகரத்து வாசலில் அரசர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். உள்ளே சந்தைக்கு வருகிற ஓர்க்கை நிறுத்திக் காவலர்கள் கேள்வி கேட்க வேண்டும். உன் பெயர் என்ன? தகப்பன் பெயர் என்ன? எந்தச் சேற்றிலிருந்து வருகிறாய்? இங்கே உனக்கென்ன வேலை? எப்போது திரும்பிப் போவாய்? ஓர்க் சிரித்தாலோ முறைத்தாலோ வெட்டிவிடலாம்.

அண்ணன் எத்தனையோ தரம் அந்த வாசலுக்குப் போனான். ஒரு தரமும் உள்ளே போகவில்லை. தகப்பன் பெயர் கேட்டதும் காது சிவந்துவிடும், வாளை எடுப்பான், நாலு காவலர்கள் சேர்ந்து வெட்டுவார்கள், சேற்றிலிருந்து மறுபடி தொடங்குவான். நான் பின்னாலிருந்து கையைக் கிள்ளியும் பிரயோசனமில்லை.

"அண்ணே, நான் போகவா?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவன் எனக்கென்று ஓர் ஓர்க் செய்து தந்தான். ஒல்லியாக, நீளமாக, பச்சையாக வந்தது. முருங்கா என்று பெயர் வைத்தான். சிங்களத்திலும் முருங்கைக்கு அதுதான் பெயர் என்பதால் கடை முழுவதும் சிரித்தது.

விளையாட்டில் தோல் சுருள் என்று ஒரு சாமான் உண்டு, அதில் எழுதலாம். நான் எழுதினேன்: பெயர் முருங்கா. தகப்பன் பெரிய முருங்கா. ஊர் சேறு. வந்தது தோல் விற்க. போவது பொழுது சாயுமுன். வாசலுக்குப் பத்தடி தூரத்திலேயே சுருளைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஓடவில்லை, குதிக்கவில்லை. காவலர் கேட்குமுன் நீட்டினேன்.

காவலர்கள் திகைத்துவிட்டார்கள். சுருளில் இருந்ததையே திரும்பக் கேட்டார்கள். நானும் திரும்பச் சொன்னேன். உன் இனமே திருட்டு இனம் என்றார்கள். அது கேள்வி இல்லை, ஆகவே பதில் சொல்லவில்லை. ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். அம்மா அதற்குப் பாடம் தந்திருக்கவில்லை, நானாக யோசித்து நின்றேன். நான் கோபப்படுவேன் என்று காத்துக் காத்துக் கடைசியில் அவர்களுக்கு அலுத்துவிட்டது. போ என்றார்கள்.

வெட்டுப்படாமல் வெள்ளி நகரத்துக்குள் போன முதல் ஓர்க் நான்தான். மரங்களில் விளக்குகள் தொங்கின. நடுவில் ஒரு நீரூற்று. அண்ணன் என் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் வாசலிலேயே செத்தவன்.

"உள்ள இவ்வளவு பெருசா?" என்றான் மெதுவாக.

அதற்குப்பிறகு ஓர்க்கள் என்னிடம் பாடம் கேட்க வந்தார்கள். காலியிலிருந்து ஒருவர், குருநாகலிலிருந்து ஒருவர், எந்த ஊரென்று சொல்லாத பலர். முருங்காவுக்குப் பத்து வயது என்று அவர்களுக்குத் தெரியாது. தாடையைப் பார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று அம்மாவுடைய சட்டங்களைச் சிங்களத்தில் மாற்றி எழுதினேன். மறக்காமலிருக்க ஒரு கட்டளையும் வைத்தேன்: 'கடுவ கண்ட எப்பா.' வாளை எடுக்காதே என்று அர்த்தம். அதுவே எங்கள் படையின் கோஷம் ஆகிவிட்டது. மற்றப் படைகள் வெட்டு, குத்து என்று கத்திக்கொண்டு ஓடும். எங்கள் படை வாளை எடுக்காதே என்று கத்திக்கொண்டு வரிசையில் நிற்கும்.

எல்ஃப்களுடைய திருவிழா ஒன்று வந்தது. அன்று ஓர்க் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அரசர் அறிவித்தார். நான் படையைக் கூட்டினேன். காட்டுப்பாதை நெடுகிலும் ஓர்க்கள் ஒருவர் பின் ஒருவராக, கையில் சுருளோடு நின்றார்கள். எனக்குப் பின்னால் அண்ணன். ஒவ்வொருவராக முன்னால் போய், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி, காவலர் விட முடியாது என்றதும் திரும்பி வரிசையின் கடைசிக்குப் போனோம். திருவிழாவுக்கு வந்த எல்ஃப்கள் எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். காவலர்கள் களைத்துப்போனார்கள். வெட்ட ஒரு காரணம் கிடைக்கவில்லை. அண்ணனுடைய காது ஒரு தரம் சிவந்தது. கட்டளையை எழுதினேன். முதன்முதலாக அவன் வாளிலிருந்து கையை எடுத்தான்.

கடைசியில் அரசர் வெள்ளைக் குதிரையில் வந்து வாசலைத் திறந்தார். நாற்றம் பிடித்தவர்களே, உள்ளே வந்து தொலையுங்கள் என்று எழுதினார். எழுதிவிட்டுக் கதிரையைத் திருப்பி எனக்குக் கைதட்டினார். நானாவும் தட்டினார். இவ்வளவு நல்ல நடிப்பைத் தான் கண்டதில்லை என்று அரசர் சொன்னார், யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

"அம்மா," என்றேன்.

"அம்மாவும் விளையாடுவாங்களா?"

அம்மாவுக்கு நேரமில்லை, சொல்லித் தருவது மட்டும்தான் என்றேன். நானும் அவரிடம் கேட்டேன், அந்தக் கேள்விகளையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று. அவர் கொஞ்சம் யோசித்தார். படிக்கவில்லை, சும்மா மனதில் வந்தவை என்றார். எல்லோரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று நானா கடையை நேரத்தோடு மூடினார். எங்கேயோ குண்டு வெடித்ததாகக் கீழே பேக்கரியில் பேசிக்கொண்டார்கள். வெயில் இன்னும் இருந்தது. அரசருக்கும் எங்கள் பக்கம்தான் பஸ், மூன்று பேரும் நடந்தோம். காவலில் வரிசை நீண்டிருந்தது. அரசருடைய கழுத்துப்பட்டியைப் பார்த்துவிட்டுப் போ என்று கையைக் காட்டினார்கள். அவர் போனார். எங்களை நிறுத்தினார்கள்.

அண்ணன் அடையாள அட்டையை முன்னதாகவே கையில் எடுத்திருந்தான். நான் பெருமையோடு பார்த்தேன், என் படிப்பித்தல் வீண்போகவில்லை. பொலிஸ்காரர் இளம் ஆள். பெயர் கேட்டார், தகப்பன் பெயர் கேட்டார், எங்கிருந்து வருகிறாய், என்ன வேலை என்று கேட்டார். அண்ணன் சொன்னான். பொலிஸ்காரர் அட்டையைக் கீழே போட்டு, எடு என்றார். அண்ணன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். மறுபடியும் கீழே போட்டார்.

அண்ணனுடைய காதைப் பார்த்தேன். மிளகாய்ப்பழம்போல இருந்தது. கை முஷ்டியாக மடங்கியிருந்ததால் கிள்ள இடமில்லை. நான் படைத்தலைவி செய்ய வேண்டியதைச் செய்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி, "கடுவ கண்ட எப்பா" என்றேன்.

வரிசை முழுவதும் விலகியது. பொலிஸ்காரரின் துவக்கு தோளிலிருந்து கைக்கு வந்தது. எங்கே வாள் என்று கேட்டார். அண்ணனை மணல்மூட்டையோடு சாய்த்து நிற்க வைத்துப் பையைக் கொட்டினார்கள். எழுதுகிற கொப்பி ஒன்று, காதில் மாட்டும் வயர், தாளில் சுற்றிய மாலு பாண். அண்ணனுடைய முகத்தில் இரத்தமில்லை. ஆகவே நானே விளக்கினேன். வாள் அண்ணனுடைய இடுப்பில்தான் இருக்கிறது, ஆனால் வெள்ளி நகரத்தில்தான் எடுக்கலாம், அங்கேயும் நான் சொன்னால்தான் எடுப்பான் என்றேன்.

இதனால் விசயம் தெளிவாகவில்லை. உள்ளேயிருந்து வயதான சார்ஜன்ட் ஒருவர் வந்தார். ஜீப்பைக் கூப்பிடவா என்று இளையவர் கேட்டார்.

அப்போது அரசர் திரும்பி வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். அது ஒரு கம்பியூட்டர் விளையாட்டு என்று சார்ஜன்டிடம் சொன்னார். சார்ஜன்ட் நம்பவில்லை. அண்ணனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், இந்தப் பிள்ளைக்கு அதில் என்ன பெயர் என்று கேட்டார். பிறகு அரசரிடம் வந்து அதையே கேட்டார். இரண்டு பேரும் முருங்கா என்றார்கள். சார்ஜன்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய மீசை கொஞ்சம் அசைந்தது.

"சரி, என்ன விளையாட்டு அது? சொல்லு பார்ப்போம்."

அரசர் சொன்னார். எங்களுக்கு ஒரு நகரம் இருக்கிறது, இவர்கள் வெளியே சேற்றில் இருக்கிறவர்கள் என்றார். "வாசல்ல நிப்பாட்டுவோம். பெயர் கேப்போம். தகப்பன் பெயர் கேப்போம். எங்கேயிருந்து வாறாய், என்ன வேலை..." அவருடைய சத்தம் இறங்கிக்கொண்டே போனது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"பிறகு?" என்றார் சார்ஜன்ட்.

"எல்லாத்துக்கும் பதில் சொன்னாலும் விடமாட்டோம் சேர். அதுதான் விளையாட்டு."

யாரும் சிரிக்கவில்லை. இளம் பொலிஸ்காரர் கையிலிருந்த அண்ணனுடைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதில நீ யாரு?"

"அரசன்."

சார்ஜன்ட் இளையவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, நீ போ மகனே, பஸ் போய்விடும், இவர்களைப் பதிந்துவிட்டு அனுப்புகிறோம் என்றார். அரசர் சரி என்று தலையாட்டினார். போகவில்லை. அண்ணனுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றார். நீ எதற்கு என்று இளையவர் கேட்டதும், தன் அட்டையைத் தேடிப் பைக்குள் கையை விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அய்யா, பைக்குள்ள கைய விடக்கூடாது," என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னேன். அய்யா என்றால் அவர்களுக்கு அண்ணன். சட்டென்று கையை வெளியே எடுத்தார். "கண்ணப் பாக்காதீங்க. தாடையப் பாருங்க." தாடையைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது. அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தான், அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. பெரிய பெரிய புத்தகமெல்லாம் படிக்கிறவர், நிற்கத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. என் நடிப்பைப் பார்த்து ஆசைப்பட்டுப் பழகுகிறார் என்றும் நினைத்தேன். அதில் எனக்கு மிகவும் சந்தோசம். எல்ஃப் அரசரே என்னிடம் படிக்கிறார்!

பெயர்களைப் பதிந்துவிட்டு எங்களை அனுப்பினார்கள். இளம் பொலிஸ்காரர் அட்டையை இந்தத் தரம் அண்ணனுடைய கையில் கொடுத்தார். அரசருடைய பஸ் போய்விட்டிருந்தது. அண்ணன் சிதறிக்கிடந்த மாலு பாணைப் பொறுக்கித் தாளில் சுற்றினான். சந்திவரை அவரோடு கூடப் போய் நின்றான். இருவரும் ஒருவரையொருவர் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். அம்மா அண்ணனுடைய காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சோறு போட்டார்.

அண்ணன் அதற்குப்பிறகு எந்தக் காவலிலும் வம்புக்குப் போகவில்லை. சண்டை முடிந்து, கல்யாணம் கட்டி, இப்போது அம்பிட்டியவில் சொந்தமாக ஓட்டோ ஓட்டுகிறான். அவனை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்குப் படிப்பு ஓ.எல். பரீட்சையோடு நின்றுவிட்டது. ஓரிடத்தில் இருக்க முடியாத கால். கட்டுநாயக்காவில் தையல், ஜோர்தானில் வீட்டு வேலை, பிறகு டோகாவில் ஆஸ்பத்திரி துடைப்பு என்று போய்விட்டேன். எந்த நாட்டு வாசலிலும் என்னிடம் பத்திரத்தை யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு முன் நீட்டியிருப்பேன்.

காவலில் அது நடந்து சில நாள் கழித்து நாங்கள் மறுபடி நெட் கடைக்குப் போனோம். ஜன்னலோரக் கதிரையில் அரசர் இருந்தார். ஆனால் வெள்ளி நகரத்தில் அவருடைய அரசர் இல்லை. குதிரையையும் கிரீடத்தையும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாராம். சேற்று நிலத்தில், இடுப்பில் ஒரு கந்தல் மட்டும் கட்டிய புத்தம்புதிய ஓர்க் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதை இயக்குகிறவர் அவர்தான் என்று நானா காட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை உயரத்துக்குப் போனவர் அதை விட்டுவிட்டு இங்கே வருவதென்றால் என் படையைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வரிசையின் கடைசிக்குப் போ என்று எழுதினேன். போனார். சுருளை இடக்கையில் பிடித்திருந்தார், வலக்கையில் பிடி என்று எழுதினேன். மாற்றிக்கொண்டார். அண்ணன் என் கதிரையைக் காலால் தட்டினான். நான் கவனிக்கவில்லை, எனக்கு வேலையிருந்தது. புதிய ஓர்க் காவலரின் கண்ணைப் பார்க்கிறது என்று சொல்லி இன்னொரு தரம் கடைசிக்கு அனுப்பினேன். திரும்பி நடந்து, கடைசியில் போய் நின்றார்.

கொஞ்சம் கொஞ்சமாக நன்றாக நிற்கப் பழகிவிடுவார் என்று நினைத்தேன்.